கடற்பாசி தந்த அளவுகோல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரையோரத்தில், மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி பயிரிடப்படுகிறது. ஏறத்தாழ 45 நாள்களில் அறுவடை. அப்பணியில் பெண்களின் பங்கு பெரிது. இப்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் பனிக்கூழுக்குப் பதம் சேர்க்கிறது. அதே பொருளின் வேறொரு வகைக்கு மருந்தாய்வுக்கூடத்தில் வேறு வேலை உண்டு. எலியின் பாதத்தில் அதனைச் செலுத்தினால் சில மணி நேரத்தில் வீக்கம் எழும். விண்டர் குழுவினர் 1962இல் வெளியிட்ட முறை இது.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. புதிய பெப்டைடு ஒன்று அழற்சியைத் தணிக்குமா என அறிய, அதனைப் பெற்ற எலிகளையும் பெறாத எலிகளையும் ஒப்பிட்டு, பாதத்தின் பருமனை மணிக்கொருமுறை அளப்பர். வாய்வழி கொடுத்தால் செரிமான நொதிகள் அச்சங்கிலியைப் பெரும்பாலும் அறுத்துவிடும்; ஆகவே ஊசியே வழக்கம்.

வீக்கம் வடிந்தால் மருந்து கிடைத்துவிட்டது என்று பொருளன்று. சில மணி நேர வீக்கம் வேறு. ஆண்டுக்கணக்கில் மூட்டுகளைச் சிதைக்கும் முடக்குவாதம் வேறு. நச்சுத்தன்மைச் சோதனையும் மனிதரிடம் படிப்படியான ஆய்வும் அதன்பின்னரே தொடங்கும். எலியின் வலிக்கும் கணக்கு உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இன்கீழ் அமைந்த விதிகளின்படி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்தனை எலிகள், ஏன் தேவை என்பதை ஆய்வாளர் முன்னதாகவே எழுதித்தர வேண்டும்.