விண்ணினின்று மீண்டவர் குருதி

2006-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஹூஸ்டன் நகரில் ஒரு வரவேற்பு விழா நடைபெற்றது. அட்லாண்டிஸ் என்னும் விண்ணோடத்தில் 12 நாள் உலகை வலம் வந்து, முந்திய நாளே தரை சேர்ந்த அறுவர்க்கு எடுத்த விழா அது. அவருள் ஒருவராகிய ஸ்டெபனிஷின் பைப்பர் அம்மையார் பேசுங்கால் திடுமெனத் தள்ளாடினார், உடனிருந்தோர் தாங்கிக்கொண்டனர். தெளிந்து மீண்டும் பேசத் தொடங்கினார். மறுபடியும் கால்கள் துவண்டன. விண்கலத்திற்கு வெளியே இருமுறை மணிக்கணக்காகப் பணிபுரிந்த அவர், மேடையில் சிறிது நேரம் நிற்க இயலாமற் போனது ஏன்? வீரம் குன்றியதால் என்று எண்ணுதல் பேதைமை.

நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது போல, நாம் எழுந்து நிற்குந்தோறும் நம் குருதியில் அரை லிட்டருக்கு மேற்பட்ட அளவு கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே கழுத்துக் குழாயிலுள்ள நரம்பு நுனிகள் அழுத்தம் குறைந்ததை மூளைக்கு உணர்த்துகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்குக் குருதி குறைவின்றிச் செல்கிறது. இவை யாவும் நாம் அறியாமலே சில நொடிகளில் நிகழ்வன. படுக்கையினின்று விரைந்து எழுவார்க்குச் சிலபோது கண் இருள்வது, இவ்வேலை சற்றே பிந்துவதனால்தான்.

எடையற்ற விண்வெளியில் குருதியைக் கீழே இழுப்பது எதுவும் இல்லை. கால்களிலிருந்த நீர்மம் தலைப்பக்கம் பரவ, முகம் உப்புகிறது, கால்கள் மெலிகின்றன. நீர் மிகுந்துவிட்டதாகக் கொண்டு உடல் அதனைக் குறைக்கிறது. குருதியின் நீர்ப்பகுதி நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை குறைகிறது. வேலை குறைந்த இதயத் தசையும் நாளடைவில் மெலிகிறது. இது நோயன்று, அவ்விடத்திற்கு ஏற்ற ஒழுங்கே. மண்ணில் இறங்கியதும் அவ்வொழுங்கே இடராகிறது. குறைந்துபோன குருதியும் கால்களுக்கு இறங்கிவிட, மூளை போதிய குருதியின்றி மயங்குகிறது.

1970-இல் சோயுஸ் 9 கலத்தில் ஏறத்தாழ 18 நாள் இருந்து மீண்ட நிக்கலாயெவ், செவஸ்தியானவ் என்னும் சோவியத்து வீரர் இருவரும் பிறர் துணையின்றிக் கலத்தைவிட்டு இறங்க இயலாதவராயினர். அதன்பின் நெடும்பயணங்களில் உடற்பயிற்சி மிகுவிக்கப்பட்டது. இக்காலத்தார் விண்ணில் நாளொன்றுக்கு 2 மணியளவு அதற்கு ஒதுக்குகின்றனர். இறங்குமுன் உப்பும் நீரும் உட்கொள்கின்றனர். கால்களை இறுகப் பற்றும் ஆடையும் அணிகின்றனர்.

1995 மார்ச்சில், மீர் நிலையத்தில் இடைவிடாது தங்கி 437 நாளுக்குப்பின் மீண்ட மருத்துவர் பொலியாக்கொவ், தம்மைத் தூக்கிச் செல்ல வேண்டாவென்று மறுத்து, அருகிலிருந்த நாற்காலிவரை நடந்தே சென்றார். செவ்வாயில் இறங்குவோரைத் தூக்கிச் செல்ல அங்கு எவருளர்?