பட்டாவில் யார் பெயர்?

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில், மாவட்ட அலுவலகத்திற்கு அருகே முதிர்ந்த ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சியது அது என்பார்கள். பின் வந்த பல பத்தாண்டுகளில் ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. களை எடுத்து, மரம் சீவி, பால் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். பெரிய தோட்டங்கள் பலவற்றின் உரிமையோ பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் இருந்தது.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருந்தது? கிராணியின் செக்ரோலில் இருந்தது. தோட்ட மருத்துவமனையின் ஏட்டில் இருந்தது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது அந்தப் பதிவேட்டிலும், திருவிழாவுக்குப் பணம் கொடுத்தபோது கோயில் கணக்கிலும் இடம்பெற்றது. ஓரிடத்தில் மட்டும் இல்லை. அது நிலப்பட்டா.

நம் நாட்டில் இந்த ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் ஒரு நிலப் பதிவு முறையைக் கொண்டுவந்தார். அம்முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நிலத்தின் உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டமும் அம்முறையையே பின்பற்றுகிறது. இங்கே மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். சில நாடுகளில், பிறர் நிலத்தில் பல ஆண்டுகள் தடையின்றிக் குடியிருந்தால் அந்த நிலத்துக்கே உரிமை கோரலாம். நம் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. தாத்தா கட்டிய கோழிக்கூடு, பாட்டி நட்ட முருங்கை, மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீடு ஆகியவற்றுள் எதுவும் பட்டாவுக்கு ஈடாகாது.

தோட்டம் தோட்டமாகவே இருந்தவரை இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. வேலையோடு வீடும் வந்தது. தண்ணீர், பள்ளி, மருந்து எல்லாம் வேலையோடு ஒட்டியிருந்தன. ஆனால், ஒன்றோடு ஒன்று ஒட்டியிருப்பவை சேர்ந்தேதான் போகும். 1950களில் அது நடக்கத் தொடங்கியது. நாடு விடுதலையை நோக்கிச் சென்றபோது வெளிநாட்டு உரிமையாளர் பலர் தங்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்களுள் சிலர் ரப்பர் விளைவிக்க விரும்பவில்லை. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, பலருக்கு விற்று இலாபம் பார்த்தார்கள். இதையே ‘தோட்டத் துண்டாடல்’ என்கிறோம்.

பத்து ஏக்கர் துண்டை வாங்கியவருக்கு அதிகாலைப் பெரட்டு தேவையில்லை; கிராணி தேவையில்லை. தம் குடும்பத்தாரையோ குத்தகைக்காரர் ஒருவரையோ வைத்துப் பால் சீவிக்கொள்வார். லயத்தைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்றே தெரியாமல் போனது. வேலை போனவருக்கு வீடும் போனது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை பின்னர் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டின் நிலையை அறிய விரும்புவோர் இன்றும் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

அறிக்கை வெளிவரும் முன்பே ஒருவர் செயலில் இறங்கிவிட்டார். சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகன். அப்போது அவர் அமைச்சராகவும் ம.இ.கா.வின் தலைவராகவும் இருந்தார். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால், அதை ஏன் தொழிலாளர்களே வாங்கக் கூடாது? இதுவே அவர் எழுப்பிய கேள்வி. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால், அன்றாடக் கூலியில் அரிசியும் பருப்பும் வாங்கியவரிடம் தோட்டம் வாங்கச் சொன்னால் சிரிக்கமாட்டாரா? தனி ஒருவரால் முடியாதது என்பதால்தான் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளர்களிடம் அவர் எடுத்துரைத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பத்து மாதம் கட்டினால் நூறு வெள்ளி. அதைக் கொண்டு அவரால் வேலி போடக்கூட இயலாது. பத்தாயிரம் பேர் அவ்வாறு கட்டினால் பத்து இலட்சம் வெள்ளி. அந்தத் தொகையோடு சென்றால் தோட்டத்தை விற்பவர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். அதன் பிறகு மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. அவை துண்டாடப்படவில்லை; தொழிலாளர்கள் வெளியேற்றப்படவும் இல்லை.

இந்த உரிமை எத்தகையது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்; பலர் குழம்புவது இங்கேதான். பட்டாவில் சங்கத்தின் பெயர்தான் இருக்கும். உறுப்பினரின் பெயர் இருக்காது. இன்ன வரிசை மரங்கள் என்னுடையவை என்று எந்த உறுப்பினரும் கூற முடியாது. தாம் குடியிருக்கும் லயத்து வீட்டையும் அவர் விற்க முடியாது. அவருக்கு உரியது பங்கு. அதற்கு ஆண்டுதோறும் சங்கம் அறிவிக்கும் இலாப ஈவு. அவற்றோடு ஒரு வாக்கு. கம்பெனியில் பங்கு மிகுந்தவருக்கு வாக்கும் மிகுதி. கூட்டுறவுச் சங்கத்திலோ பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்குதான். பெரட்டில் வரிசையாக நின்று மேலாளர் சொல்வதைக் கேட்டுப் பழகியவர், கூட்டத்தில் கையுயர்த்திக் கணக்குக் கேட்க முடிந்தது. என்னைக் கேட்டால், இலாப ஈவைவிட அதுவே பெரிய மாற்றம் என்பேன்.

ஆயினும், சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க இயலவில்லை. விலை போட்டி போட்டு ஏறியது. துண்டாடல் வேகமாக நடந்தது. பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் தோட்டத்தை இழந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டன. அங்கும் பட்டா இல்லை. பின்னர்த் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ மாற்றித்தர வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. நல்ல சட்டம்தான், சற்று முன்னரே வந்திருக்கலாம்.

இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அது நிலச் சொந்தக்காரர் நினைத்தவுடன் நடப்பதன்று. பட்டாவில் நிலத்தின் பயன்பாட்டு வகையும் குறிக்கப்பட்டிருக்கும்: விவசாயம், கட்டடம், தொழில். விவசாய நிலத்தில் வீடமைப்புப் பகுதி எழுப்ப வேண்டுமானால் அந்த வகையை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். வீடு வாங்கும் பெற்றோர் சிலர் விலையையும் அறைகளின் எண்ணிக்கையையும் மட்டும் விசாரித்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நில அலுவலகத்திற்குச் சென்று, பட்டா எண்ணை எழுதிக் கொடுத்து, உரிய கட்டணத்தைச் செலுத்தினால் அந்நிலத்தைப் பற்றிய தேடல் அறிக்கை கிடைக்கும். உரிமையாளர் யார், பரப்பளவு எவ்வளவு, அது நிரந்தர உரிமை நிலமா குத்தகை நிலமா, வங்கியில் அடமானம் வைக்கப்பட்டுள்ளதா என்னும் விவரங்கள் அதில் இருக்கும்.