ஓய்வூதியமும் கூலியும் – தனித்து நிற்கும் தாயின் வரவுக் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

கூலி உயர்ந்தால் உழைப்பின் அளிப்பும் உயரும் என்று பொருளியல் வகுப்பில் படிக்கின்றோம். பாடநூலில் வரும் தொழிலாளிக்கு முன்னால் இரண்டே பொருள்கள் உள்ளன: ஒன்று கூலி, மற்றொன்று ஓய்வு. காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளையோ, பள்ளி விட்டதும் வாசலில் காத்திருக்கும் பிள்ளையோ அவனுக்கு இல்லை. ஆனால் கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ பிள்ளைகளுடன் தனித்து நிற்கும் தாய்க்குக் கணக்கு அவ்வளவு எளிதன்று. "அரசு தரும் உதவியை நம்பி வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுவதா? முழுநேர வேலைக்குப் போவதா? எதில் பிள்ளைகளுக்கு மிச்சம்?" என்பது அவள் நாள்தோறும் போடும் கணக்கு. தந்தையில்லாத வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்கும் இது புத்தகக் கேள்வி மட்டும் அன்று.

"பணத்தைக் கொடுத்துக் கொடுத்தே மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள்" என்று பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேட்கின்றோம். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்து நிலைமையை வைத்து எண்களால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசு தருவது என்ன?

தமிழகத்தில் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியத் திட்டம் 1975-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கணவனால் கைவிடப்பட்டோருக்கான ஓய்வூதியம் 1986-இல் வந்தது. அதனைப் பெற 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்தாண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். ஓய்வூதியத் தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2023 செப்டம்பர் 15-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் எனத் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மிகாத இல்லத்தரசிகளுக்கு அது உரியது. ஆனால் விதவை ஓய்வூதியம் பெறுபவர் இதனையும் சேர்த்துப் பெற முடியாது என்பது விதி. ஆகவே 2023-இன் விகிதப்படி, உழைக்கும் கணவன் உள்ள பெண்ணுக்கு 1,000. கணவனை இழந்த பெண்ணுக்கு 1,200. துணையில்லாமைக்கு இட்ட மதிப்பு மாதம் 200 ரூபாய் என்றாகிறது!

மூன்றாவது, பலரும் அறியாத ஓர் உதவி. மைய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, கைம்பெண்கள், மணவிலக்குப் பெற்றோர், கைவிடப்பட்டோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக இது கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக்கூடாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் உதவி நின்றுவிடும். தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. ஒதுக்கீட்டிற்குள்தான் வழங்க முடியும்.

இவையன்றி வருமானம் பாராமல் கிடைப்பவையும் உண்டு. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளின் பகலுணவைப் பார்த்துக்கொள்கிறது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசி வழங்கப்பட்டு வருகிறது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இவற்றின் சிறப்பைப் பின்னர் காண்போம்.

கூலி தருவது என்ன?

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் திண்ணைதோறும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரத்திற்கு இவ்வளவு என்று கூலி. உலை கொதிக்கும்போதும், பிள்ளை பாடம் படிக்கும்போதும் கைவேலை நடக்கும். தனித்த தாய்மார் இதனை விடாதிருப்பதற்கு இதுவே காரணம்; புகையிலைத் தூளின் கேட்டை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். பீடித் தொழிலாளர்க்கென 1966-இல் தனிச் சட்டம் வந்தது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வீட்டில் சுற்றுவோருக்கும் பொருந்தும் என்று 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நூறு நாள் வேலையில் தமிழகத்திற்கு 2024-25-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலியோடு கிடைத்தால் ஆண்டுக்கு 31,900 ரூபாய். (2025 டிசம்பரில் இச்சட்டத்திற்கு மாற்றாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.) மாத ஓய்வூதியமான 1,200 ரூபாய் இத்தகைய நான்கு நாள் கூலிக்கும் குறைவு. யானைப் பசிக்குச் சோளப்பொறி போன்ற இத்தொகை எவரையும் சோம்பேறியாக்கப் போதாது என்பது வெள்ளிடைமலை.

குற்றாலத்தில் சாரல் காலமாகிய ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடுதிகளிலும் உணவகங்களிலும் ஆள் தேவைப்படும். அருவி வற்றினால் அவ்வேலையும் வற்றிவிடும்.

மூன்று கணக்குகள்

குற்றாலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளுடன் வாழும் கைம்பெண் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பீடிக் கூலி ஆயிரத்திற்கு 250 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு 600 பீடி வீதம் மாதம் 24 நாள் சுற்றுகிறார் என்றும், தென்காசிக் கடை ஒன்றில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது என்றும் கணக்கிற்காகக் கொள்வோம்.

முதற் கணக்கு: வீட்டில் பீடி, விதவை ஓய்வூதியம். கூலி 3,600, ஓய்வூதியம் 1,200, ஆக 4,800 ரூபாய்.

இரண்டாம் கணக்கு: கடை வேலை. கூலி 9,000. "ஆதரவற்றவர்" என்னும் தகுதி போய்விட்டது என்று ஓய்வூதியத்தை நிறுத்தினாலும் 9,000 ரூபாய் மிஞ்சும். ஆகவே நிதி ஆதரவு கிடைக்காத தாய்க்கு வேலைக்குப் போவதே இலாபம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆச்சியோ சித்தியோ இருந்தால் அவர் தயங்கமாட்டார்.

மூன்றாம் கணக்கு: வீட்டில் பீடி, ஓய்வூதியம், இரு பிள்ளைகளுக்கும் நிதி ஆதரவு. 3,600 உடன் 1,200-ம் 8,000-மும் சேர்ந்து 12,800 ரூபாய். இந்தத் தாய் கடை வேலைக்குப் போனால் அவருடைய ஆண்டு வருமானம் 1,08,000 ஆகிவிடும். வரம்பு 72,000 அல்லவா? நிதி ஆதரவு முழுவதும் நின்றுவிடும். காலை முதல் இரவு வரை கடையில் நின்று அவர் பெறுவது 9,000. ஓய்வூதியம் தொடர்ந்தாலும் 10,200. அதாவது உழைப்பு கூடியதால் வரவில் 2,600 முதல் 3,800 ரூபாய் வரை குறைகிறது.

இடையில் உள்ள பள்ளம்

ஓய்வூதியத்தை விட்டுவிட்டுக் கூலியையும் நிதி ஆதரவையும் மட்டும் பார்ப்போம். மாதக் கூலி சரியாக 6,000 ரூபாய் இருக்கும் வரை 8,000 ரூபாய் உதவி கிடைக்கும், மொத்தம் 14,000. கூலி ஒரு ரூபாய் கூடினாலும் உதவி முழுவதும் போய்விடும். பழைய 14,000-ஐ மீண்டும் எட்ட அவருடைய கூலியே 14,000 ஆக வேண்டும். 6,000-க்கும் 14,000-க்கும் இடையே இருப்பது ஒரு பள்ளம். எங்கள் பக்கத்துக் கடை கண்ணிகளில் பெண்களுக்குக் கிடைக்கும் சம்பளம் பெரும்பாலும் இந்தப் பள்ளத்திற்குள்தான் விழுகிறது.

இதனால் விளைவது இரண்டு. ஒன்று, நல்ல வேலை வந்தாலும் தாய் அஞ்சி ஒதுங்குவார். மற்றொன்று, வருமானத்தைக் குறைத்துச் சொல்லத் தூண்டப்படுவார். இரண்டிற்கும் அவரைக் குறை கூறுவது முறையாகாது. குற்றாலம் போன்ற ஊரில் இன்னுமொரு சிக்கல்: சாரல் காலத்து ஒரு மாதக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கினால், வராத வருமானமெல்லாம் வந்ததாகச் சான்றிதழில் ஏறிவிடும்.

சத்துணவு, அரிசி, பேருந்து ஆகியவற்றின் சிறப்பு இப்பொழுது விளங்கும். தாய் எவ்வளவு சம்பாதித்தாலும் அவை நின்றுவிடுவதில்லை. ஆகவே அவை உழைப்பைத் தடுப்பதில்லை; பேருந்துச் சலுகையோ வேலைக்குப் போவதற்கே வழி செய்கிறது.

பிற நாட்டார் கண்ட வழி

அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தந்தையின் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கியது. தாய் ஒரு டாலர் ஈட்டினால் உதவியில் ஒரு டாலர் குறைப்பதே நெடுங்காலம் பொது வழக்கமாக இருந்தது. 1967-இல் சட்டத்தைத் திருத்தி, ஈட்டியதில் முதல் 30 டாலரையும் எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கையும் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். பிரிட்டனில் 2021-இன் இறுதியில் வந்த மாற்றத்தின்படி, விலக்களித்த தொகைக்கு மேல் கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறைக்கப்படும். 45 பென்ஸ் உழைப்பவருக்கே மிஞ்சும். செங்குத்தாக இறங்கிய இடத்தை அவர்கள் சரிவாக்கினார்கள்.

இதே முறையை இங்கே பொருத்திப் பார்த்தேன். 6,000 ரூபாய்க்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு இரண்டு ரூபாய்க்கும் உதவியில் ஒரு ரூபாய் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். 9,000 ரூபாய் வேலைக்குப் போகும் தாய்க்கு உதவி 1,500 குறைந்து 6,500 ஆகும். மொத்த வரவு 15,500. வேலைக்குப் போனதால் அவருக்கும் ஆதாயம். அவர் 6,000 ரூபாயிலேயே நின்றிருந்தால் கொடுக்க வேண்டிய தொகையில் அரசுக்கும் 1,500 மிச்சம். இன்று வரம்புக்கு வெளியே நிற்கும் பல தாய்மார் புதிதாக உள்ளே வருவார்கள், செலவு கூடும் என்னும் மறுப்பு நியாயமானதே. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? அவ்வாறாயின் சரிவைச் சற்றுச் செங்குத்தாக்கலாம். சுவராக வைத்திருக்க வேண்டியதில்லை.

காலமும் கணக்கில் சேரும்

மாத வரவு மட்டுமே கணக்கன்று. உதவி பிள்ளையின் 18 வயதோடு முடிகிறது. வேலையோ அனுபவத்தைத் தருகிறது. முறையாகப் பதிவு செய்த இடமாயின் வருங்கால வைப்பு நிதியையும் தருகிறது. பிள்ளைகள் வளர்ந்து படிப்புச் செலவு மிகும் நாளில் உதவி நின்று, நாற்பது வயதில் முதன்முறையாக வேலை தேடி நிற்கும் தாயின் நிலை இரங்கத்தக்கது. பள்ளத்திற்கு அஞ்சி அவர் இன்று கைவிடும் வேலையின் விலையை அன்றுதான் முழுமையாகச் செலுத்த நேரிடும்.

முடிவுரை

ஓய்வூதியம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது என்னும் கூற்றை நம் வட்டாரத்துக் கணக்கு மெய்ப்பிக்கவில்லை. தனித்த தாய் உதவியையும் கூலியையும் கூட்டித்தான் குடும்பம் நடத்துகிறார்; ஒன்றை மட்டும் நம்பி எவரும் வாழ முடியாது. உதவி இருப்பது தவறன்று. உழைப்பு ஒரு படி ஏறியதும் உதவி அடியோடு அறுந்துபோகும் விதிதான் தவறு.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தந்தையில்லாத பிள்ளைகள் இருப்பின், நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்க அவர்களின் தாயை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படியே, வேலை ஏதும் வந்தால் எது நிற்கும், எது நிற்காது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுங்கள். நாம் கற்ற பொருளியல் அத்தாளிலும் பயன்படட்டும்.