மீன் தொட்டிக்கு பி.எச். கருவி: அளவு திருத்தமும் மின் இணைப்பும்

குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட மண்டைக்காடு வட்டாரத்தில், வீட்டுக் கொல்லையிலோ தென்னை விளையிலோ சிமெண்டுத் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஏஞ்சல், பைட்டர் போன்ற வண்ண மீன்களை வளர்ப்பது செலவு குறைந்த உபதொழிலாகும். பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், தொட்டியைக் கவனிக்கும் மின்னணுக் கருவியையும் தாங்களே செய்துகொள்ள முடியும். ஓர் ஆர்டுயினோ பலகை, நாலு ரிலே, வெப்பமானி, பி.எச். புரோப் இருந்தால் போதும். ஆயத்தமாக விற்கும் கருவியின் விலையைப் பார்க்கும்போது இது நல்ல முயற்சியே. ஆனால், தவறான அளவு காட்டும் கருவி, கருவியே இல்லாததைவிடக் கெடுதலானது. ஏன் என்பதை முதலில் பார்ப்போம்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேருகிறது. இது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகத் தீங்கு செய்யாதது. மற்றது செவுளைப் பொசுக்கி மீனைக் கொல்வது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பி.எச். தான். 28 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 0.7 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஏறத்தாழ 6.5 சதவீதம், 9 ஆனால் 41 சதவீதம். உண்மையில் 8 உள்ள தண்ணீரைக் கருவி 6.5 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் மிகுந்துவிட்டது என்று நினைத்து நாம் சோடா உப்பையோ சுண்ணாம்பையோ போடுவோம். மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கும். "நோய் வந்துவிட்டது" என்று மருந்துக் கடைக்கு ஓடுவதில் பயன் இல்லை.

நம் மாவட்டத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. உள்நாட்டில் வெட்டுக்கல் பூமியில் தோண்டிய கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சற்று அமிலத்தன்மை உடையது. கடலோர மணற்பாங்கில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் அங்குள்ள தண்ணீர் காரப் பக்கம் சாயக்கூடும். ஒரே ஊரில் இரண்டு கிணற்றுத் தண்ணீர் இரண்டு விதமாக இருப்பதால், அண்டை வீட்டார் செய்ததையே நாமும் செய்யலாம் என்பது இதில் செல்லாது. கிணற்றிலிருந்து இறைத்த உடனே பி.எச். பார்ப்பதும் கூடாது. நிலத்தடி நீரில் கரிமில வாயு கரைந்திருக்கும், அதனால் பி.எச். குறைவாகவே காட்டும். ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் காற்றுக் குமிழி விட்டு மறுநாள் பார்த்தால்தான் அதன் உண்மையான நிலை தெரியும்.

புரோப் எப்படி வேலை செய்கிறது?

பி.எச். என்ற அளவை 1909-ல் வகுத்தவர் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய சோரன்சன். மின்னணு பி.எச். மீட்டரை 1934-ல் அமெரிக்காவில் ஆர்னால்ட் பெக்மன் செய்தார். கலிபோர்னியா எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டதே அதற்குக் காரணம். ஆக, இக்கருவி பிறந்ததே வேளாண் விளைபொருளுக்காகத்தான்.

புரோப்பின் முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதன் உள்ளும் புறமும் உள்ள அமிலத்தன்மை வேறுபட்டால் சிறு மின்னழுத்தம் உண்டாகும். பி.எச். 7-ல் அது ஏறக்குறைய பூஜ்யம். 25 டிகிரியில், பி.எச். ஓர் எண் மாறும்போது 59.16 மில்லி வோல்ட் மாறும். அமிலப் பக்கம் போனால் மிகை, காரப் பக்கம் போனால் குறை. கண்ணாடியின் வழியே மின்சாரம் மிக அரிதாகவே செல்லும். அதன் மின்தடை பல கோடி ஓம். ஆகவே, பி.என்.சி. இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரமோ உப்போ படிந்தாலும் அந்தச் சிறு மின்னழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். கடற்காற்று வீசும் நம் கரையோர ஊர்களில் இதை மறக்கவே கூடாது. அமிலக் கரைசலில் வைத்தாலும் காரக் கரைசலில் வைத்தாலும் கருவி 7-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று: கண்ணாடிக் குமிழ் விரிசல் கண்டிருக்கும், அல்லது இணைப்பில் கசிவு இருக்கும். இணைப்பைக் கழற்றி, சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மீண்டும் பாருங்கள். கருவிப் பெட்டியை நன்றாக மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

அளவு திருத்தம்

இதற்கு அளவு தெரிந்த பஃபர் கரைசல்கள் வேண்டும். 4.01, 7.00 (அல்லது 6.86), 9.18 (அல்லது 10.01) என்று கடைகளில் கிடைக்கும். தூள் பொட்டலமாக வாங்கினால், பொட்டலத்தில் குறித்துள்ள அளவு காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் தரமானதாக இருந்தால் அதுவே போதும். குழாய்த் தண்ணீர் ஆகாது.

புதிய புரோப்பையும் காய்ந்துபோன புரோப்பையும் முதலில் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 22 கிராம் அளவு கரைத்தால் சரியாக இருக்கும். பிறகு வடிநீரில் கழுவி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. முதலில் 7-ல் வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, எண் அசையாமல் நின்ற பிறகே பலகையிலுள்ள சிறு திருகைத் திருப்பி, அல்லது நிரலில் எழுதி, அந்த நிலையைப் பதிவு செய்ய வேண்டும். மறுபடி கழுவிவிட்டு இரண்டாவது கரைசலில் வையுங்கள். உங்கள் தண்ணீர் அமிலப் பக்கம் என்றால் 4.01, காரப் பக்கம் என்றால் 9.18. இரண்டு புள்ளி போதும். பயன்படுத்திய கரைசலைப் பாட்டிலில் திரும்ப ஊற்ற வேண்டாம். காரக் கரைசல்கள் காற்றிலுள்ள கரிமில வாயுவை உறிஞ்சித் தாமாகவே இறங்கிவிடும். திறந்து வெகுநாள் ஆன 10.01 கரைசலை நம்புவதற்கில்லை.

மில்லி வோல்ட் பார்க்க முடிந்தால் புரோப்பின் ஆரோக்கியத்தையும் கணிக்கலாம். 7.00-லிருந்து 4.01-க்குப் போகும்போது, 25 டிகிரியில், 177 மில்லி வோல்ட் ஏற வேண்டும். அது 150-க்குக் கீழே போய்விட்டால், அதாவது 85 சதவீதத்துக்குக் குறைந்தால், சுத்தம் செய்து பாருங்கள். 7-ல் 30 மில்லி வோல்ட்டுக்கு மேல் விலகி நின்றாலும் அப்படியே. அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் வேறு புரோப் வாங்குவதே நல்லது.

கரைசல் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சுத்தமான வெண்காரம் 3.81 கிராம் எடுத்து ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்தால் 25 டிகிரியில் 9.18 பி.எச். உள்ள கரைசல் கிடைக்கும். 30 டிகிரியில் அது 9.14. எடை சற்று முன்பின் ஆனாலும் பி.எச். அதிகம் மாறாது என்பது வெண்காரத்தின் நல்ல குணம். நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் கலப்பு இருக்கலாம். ஆகவே அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, திருத்தத்துக்கு ஆய்வுக்கூடத் தரத்தையே வாங்குங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; மிச்சத்தை மீன் தொட்டியில் கொட்டக் கூடாது. எலுமிச்சைச் சாறு, வினிகர் இவற்றை வைத்து அளவு திருத்துவோரும் உண்டு. அது வீண் வேலை. இரண்டு பழத்தின் சாறு ஒன்றுபோல் இராது.

வெப்பநிலைத் திருத்தத்துக்காகத் தனிச் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. 25-க்கும் 30-க்கும் இடையே 8.5 பி.எச். உள்ள தண்ணீரில் வரும் வித்தியாசம் 0.03-ஐத் தாண்டாது. நம் ஊர்த் தொட்டியில் வெப்பம் அதற்கு மேல் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு பாட்டில் பஃபர் வாங்கலாம்.

மின் இணைப்பில்தான் பெரும்பாலான கோளாறு

ஐந்து வோல்ட் ரிலே ஒன்று இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர். நாலும் சேர்ந்து இழுத்தால் 280. கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தோ மலிவான செல்போன் சார்ஜரிலிருந்தோ, மெல்லிய நீண்ட கம்பி வழியாக எல்லாவற்றையும் ஓட்டினால், ரிலே இழுக்கும் நேரத்தில் 5 வோல்ட் 4.8 ஆகிவிடலாம். ஆர்டுயினோ தன் மின்னழுத்தத்தையே அளவுகோலாக வைத்துப் புரோப் பலகையின் வோல்ட்டை அளக்கிறது. கோலே குட்டையானால் துணி நீளமாகத் தெரியுமல்லவா? பலகையிலிருந்து வரும் 2.50 வோல்ட்டை அது 2.60 என்று படிக்கும். பி.எச். ஒன்றுக்கு 0.18 வோல்ட் மாறும் பலகையாக இருந்தால், இதனால் வரும் பிழை ஏறத்தாழ 0.6 பி.எச்.! புரோப்பின் மீது எந்தக் குற்றமும் இல்லை. ரிலேக்களுக்குத் தனி வழியில் மின்சாரம் கொடுங்கள். ரிலே ஓடாத நேரத்தில் பத்து முறை அளந்து சராசரி எடுக்கும்படி நிரலை எழுதுங்கள்.

பன்னிரண்டு வோல்ட் அடாப்டரை நேரே ஆர்டுயினோவில் செருகி, அதிலிருந்தே ரிலேக்களையும் ஓட்டுவது சரியல்ல. மிஞ்சிய 7 வோல்ட்டைப் பலகையிலுள்ள ரெகுலேட்டர் வெப்பமாகக் கழிக்கிறது. 300 மில்லி ஆம்பியர் போனால் 2 வாட் சூடு. சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடும். 12-ஐ 5 ஆக மாற்றும் பக் கன்வர்ட்டர் ஒன்றை இடையில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மின்வெட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று போதுமானது. அதில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆயுள் குறையும். கருவி மட்டும் 0.2 ஆம்பியர் எடுத்தால் 17 மணி நேரம் வரும். ஒரு ஆம்பியர் எடுக்கும் டி.சி. காற்றுப் பம்பையும் சேர்த்தால் மூன்று மணிக்கும் குறைவு. மீனைக் காப்பாற்றுவது பம்புதான், எண் காட்டும் திரை அல்ல; ஆகவே பேட்டரியைப் பம்பின் கணக்கில் வாங்குங்கள். சாதாரண 12 வோல்ட் அடாப்டர் பேட்டரியை நிரப்பாது, 13.6 வோல்ட் அளவில் நிற்கும் சார்ஜர் வேண்டும்.

ரிலேயில் காமன், என்.ஓ., என்.சி. என்று மூன்று முனைகள் உண்டு. காற்றுப் பம்பை என்.சி. முனையில் இணையுங்கள். கருவி முடங்கிப் போனாலும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை யாவும் என்.ஓ. முனையில். மாசிக் கொடை நாட்களில் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது தொட்டிப் பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்போது இந்த ஒரு கம்பியின் இடம்தான் மீன்களின் உயிர். அதே காரணத்தால், அமிலமோ சோடாவோ தானாக ஊற்றும் பம்பைக் கருவியில் இணைக்க வேண்டாம் என்றே சொல்வேன். எச்சரிக்கை மணி அடிக்கட்டும். ஊற்றுவது நம் கையாகவே இருக்கட்டும்.

தொட்டியில் முங்கியிருக்கும் பம்பிலோ ஹீட்டரிலோ மின்கசிவு இருந்தாலும் பி.எச். தாறுமாறாகக் காட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, புரோப்பை அதில் வைத்துப் பாருங்கள். தொட்டியில் ஓர் எண்ணும் டம்ளரில் வேறு எண்ணும் வந்தால், கசிவு இருக்கிறது, அல்லது வேறு ஒரு புரோப் குறுக்கிடுகிறது என்று அறியலாம். ஒவ்வொரு சாதனமாக பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். குறுக்கீட்டுக்கு, மின்வழியையும் சிக்னல் வழியையும் இரண்டையுமே பிரிக்கும் ஐசொலேட்டர் பலகை தேவை. மின்வழியை மட்டும் பிரித்தால் பலன் இல்லை. மின்கசிவோ மீனுக்கு மட்டுமல்ல, கை விடும் நமக்கும் ஆபத்து. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் நல்ல எர்த்தும் இல்லாத இடத்தில், தண்ணீருக்குள் 230 வோல்ட் சாதனம் எதையும் வைக்கவே கூடாது. கம்பிகள் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்கி வர வேண்டும்; வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வெயில் படும் பச்சைத் தொட்டியில் காலையில் 7.5 இருந்த பி.எச். மாலையில் 9 வரை ஏறுவது இயல்பு. பாசி பகலில் கரிமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதே காரணம். கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். விடியற்காலையிலும் மாலை நாலு மணிக்கும் எனத் தினம் இரண்டு வேளை குறித்து வையுங்கள். தொட்டியிலேயே கிடக்கும் புரோப்பை முதல் மாதம் வாரம் ஒரு முறையும் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் அளவு திருத்த வேண்டும். பாசி படிந்தால் மென்மையான தூரிகையால் சோப்பு நீரில் கழுவலாம். சுண்ணாம்பு படிந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்தால் கரைந்துவிடும். எடுத்து வைக்கும்போது மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்க வேண்டும். வடிநீரில் ஊறப்போட்டால் புரோப்பின் உள்ளிருக்கும் உப்பு வெளியேறி, அது சீக்கிரமே கெட்டுவிடும்.