செலினியம் போனால் சிலிக்கான்

கேள்வி: எங்கள் பட்டறையில் அப்பா காலத்து 300 ஆம்பியர் ரெக்டிஃபையர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. மூன்று பேஸ். கொஞ்ச நாளாகவே ராடு ஒட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் அழுகிய பூண்டு போல ஒரு நாற்றம் வந்து நின்றுவிட்டது. உள்ளே அடுக்கியிருக்கும் செலினியம் தட்டுகள் போய்விட்டன என்கிறார் எலக்ட்ரீஷியன். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. காயலான் கடையில் போட்டுவிட்டு இன்வெர்ட்டர் மெஷின் வாங்கிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: டிரான்ஸ்பார்மரைப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். அந்த மெஷினின் விலையெல்லாம் அதில்தான் இருக்கிறது. செலினியம் அடுக்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு, செகண்டரியின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, மெகரிலும் பாடிக்குக் கசிவு இல்லையென்றால் மெஷின் பிழைத்தது. ஓர் அளவு மட்டும் இறங்கினால் வைண்டிங்கில் கோளாறு. அப்போது உங்கள் யோசனையே சரி.

செலினியம் தட்டைத் தேடி அலைய வேண்டாம். எங்காவது கிடைத்தாலும் பழைய சரக்காகத்தான் இருக்கும். வருடம் ஆக ஆக அதன் மின்தடை ஏறும். உங்கள் ராடு ஒட்டியதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த இடத்தில் ஆறு சிலிக்கான் டயோடு போட்டால் போதும். மூன்று பேஸ் பிரிட்ஜில் ஒவ்வொரு டயோடும் மொத்தக் கரண்டில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும். 300க்கு 100 ஆம்பியர் என்று கணக்கு வந்தாலும் 200 ஆம்பியர், 600 வோல்ட் ஸ்டட் டயோடாகவே வாங்குங்கள். மூன்று நார்மல், மூன்று ரிவர்ஸ் என்று கேளுங்கள். அப்படி வாங்கினால் பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என இரண்டே ஹீட் சிங்க் போதும். இரண்டிலும் மின்சாரம் இருக்கும். பேக்லைட் தகட்டின் மேல் நிறுத்துங்கள், பாடியில் படவே கூடாது.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். டயோடு சின்னதாக இருக்கிறதே என்று ஹீட் சிங்கையும் சின்னதாகப் போட்டுவிடுவார்கள். 300 ஆம்பியர் ஓடும்போது இரண்டு டயோடு வழியாகச் சுமார் 2 வோல்ட் விழும். அதாவது 600 வாட் சூடு. செலினியத்தில் அது பெரிய பெரிய தட்டுகளில் பரவிப் போனது, இங்கே விரல் பருமன் ஸ்டட் வழியாக இறங்க வேண்டும். அதனால் அகலமான அலுமினிய ஹீட் சிங்க், நடுவே ஹீட் சிங்க் பேஸ்ட், நேராக அதன் மேல் படும் ஃபேன் காற்று மூன்றும் வேண்டும்.

இன்னொன்று, செலினியம் திடீர் வோல்டேஜ் எழுச்சியை ஓரளவு தாங்கும். சிலிக்கான் ஒரே அடியில் ஷார்ட் ஆகிவிடும். செகண்டரியின் மூன்று பேஸுக்கு நடுவேயும் ஒவ்வொரு வாரிஸ்டர் போடுங்கள். உங்கள் செகண்டரி 50 வோல்ட் அளவில் இருந்தால் 95 வோல்ட் ஏசி வாரிஸ்டர் பொருந்தும். இதற்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர் டயோடுக்கு மறுபடி மறுபடி செலவழிப்பார். டயோடு பூட்டிய பிறகு, அதன் இணைப்பைக் கழற்றாமல் மெகர் வைக்கக் கூடாது.

கருகிய செலினியத்தைச் சுத்தியலால் உடைப்பதும் எரிப்பதும் ஆபத்து. அந்த நாற்றமே நஞ்சுதான். கையுறை போட்டுக் கழற்றிப் பையில் கட்டிவையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் முதலில் குறைந்த கரண்டில் ஓட்டுங்கள். சிலிக்கானில் வோல்டேஜ் இழப்பு குறைவு என்பதால் ஆர்க் முன்னைவிடச் சூடாக இருக்கும். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியைக் கொஞ்சம் இறக்கியே வைக்க வேண்டிவரும். வெல்டிங் நடக்கும்போது செகண்டரியின் மூன்று கம்பிகளிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால் அந்த பேஸின் டயோடையும் அதன் நட்டையும் சோதியுங்கள்.