ஹெலிகாப்டரின் வால்

பெங்களூருக்குப் படிக்க வந்தவர்களுக்கு ஹெலிகாப்டர் புதுமைப் பொருளன்று. விடுதி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒன்று படபடத்துப் போகும். சென்ற மாதம் ஒரு மாலை, அவ்வாறு போன ஒன்றை அண்ணாந்து பார்த்த நண்பர் ஒருவர் (வேதியியல் மாணவர், மதுரைக்காரர்), "தூக்குவதெல்லாம் மேலே சுற்றும் விசிறி. பின்னால் இத்தனை நீள வால் எதற்கு? அதைப் போய் ஓராண்டாக ஆராய்கிறாயாமே!" என்று சிரித்தார். நான் விடை சொல்லத் தொடங்குமுன் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மேலே சுற்றும் பெரிய விசிறியைத் தலைச் சுழலி என்போம். எஞ்சின் அதை ஒரு பக்கமாகத் திருப்புகிறது. வினைக்கு எதிர்வினை உண்டு என்ற நியூட்டன் விதிப்படி, ஹெலிகாப்டரின் உடல் மறுபக்கமாகத் திரும்ப முயல்கிறது. தரையில் நிற்கும்வரை சக்கரம் தடுக்கும்; வானில் யார் தடுப்பது? நீண்ட வாலின் நுனியில் ஒரு சிறு சுழலியை நிறுத்தி, பக்கவாட்டில் காற்றைத் தள்ளச் செய்து தடுக்கிறார்கள்.

அந்தத் தள்ளு எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைச் சுழலிக்கு 800 கிலோவாட் திறன் செல்கிறது என்றும், அது நிமிடத்திற்கு 300 முறை சுற்றுகிறது என்றும் கொள்வோம். திறனைக் கோணவேகத்தால் வகுத்தால் திருப்பு விசை ஏறக்குறைய 25,500 நியூட்டன் மீட்டர் வருகிறது. வால் சுழலி 8 மீட்டர் தள்ளியிருந்தால், அது கொடுக்கவேண்டிய பக்க விசை சுமார் 3,200 நியூட்டன். அதாவது 325 கிலோ எடையைத் தூக்கும் விசை. இவ்வளவு விசை இருந்தும் அது ஒரு கிலோ சுமையையும் மேலே தூக்குவதில்லை. ஓரிடத்தில் அசையாது மிதக்கும்போது எஞ்சின் திறனில் நூற்றுக்குப் பத்து அளவில் இவ்வாறு பக்கவாட்டில் செலவாகிவிடுகிறது. வாலைத் திருத்தப் புகுந்தவர்களின் முதல் குறி இந்தப் பத்துதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பக்க விசை உடலைத் திருப்பாமல் காப்பதோடு நில்லாமல், வண்டி முழுவதையும் ஒரு பக்கமாக நகர்த்தவும் பார்க்கும். அதனால் விமானி தலைச் சுழலியைச் சிறிது மறுபக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். மிதக்கும் ஹெலிகாப்டர் பல வேளைகளில் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்து தொங்குவதை இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

முன்னோக்கிப் பறக்கும்போது நிலைமை எளிதாகிறது. வாலின் மேல் நிமிர்ந்து நிற்கும் துடுப்பு, மீனின் துடுப்பைப் போன்றது, எதிர்க்காற்றைப் பெறுகிறது. அதைச் சற்றுக் கோணலாகப் பொருத்தினாலோ, விமான இறக்கையைப் போல ஒரு பக்கம் வளைத்துச் செய்தாலோ, அதுவே பக்க விசையின் ஒரு பங்கைச் சுமக்கும். வால் சுழலிக்கு வேலை குறையும். அப்படியானால் துடுப்பைப் பெரிதாகவே வைத்துவிடலாமே? வைக்கலாம். ஆனால் வால் சுழலி அந்தத் துடுப்பை ஒட்டியே சுற்றுகிறது. மிதக்கும் நேரத்தில் பெரிய துடுப்பு அதன் காற்றுப்பாதையை மறிக்கும். பக்கக் காற்றில் பாய்மரமாகவும் நிற்கும். பெல் 212, 412 வகைகளில் பிற்காலத்தில் துடுப்பைக் குறுக்கி அமைத்து வால் சுழலியின் பயனைக் கூட்டினார்கள். வெட்டிக் குறைத்ததால் வலிமை கூடிற்று என்றால் நண்பர் நம்பமாட்டார், ஆயினும் உண்மை.

இனி, வாலின் இருபுறமும் படுக்கையாக நீளும் கிடைத்துடுப்பு. எனக்குப் பிடித்த பகுதி இதுவே. ஆகவே சற்று விரித்து எழுத வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஹெலிகாப்டர் விரைந்து செல்கையில் கீழிருந்து ஒரு காற்றுவீச்சு மூக்கை உயர்த்திவிட்டது எனக் கொள்வோம். சுழலியின் ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்து முன்னேறுகிறது. மறுபக்கத்து இறக்கை காற்றோடு பின்வாங்குகிறது. மூக்கு உயர்ந்ததும் முன்னேறும் இறக்கையில் தூக்கு விசை மிகுதியாகக் கூடும். பம்பரத்திற்குரிய குணத்தால் அந்த மிகுதியின் விளைவு ஏறக்குறைய கால் சுற்றுத் தள்ளித்தான் வெளிப்படும். ஆக, சுழலித் தட்டு பக்கவாட்டில் சாயாமல் பின்பக்கம் சாய்கிறது. மூக்கு இன்னும் உயர்கிறது. தவறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது! இதைத் தடுப்பது கிடைத்துடுப்பு. மூக்கு உயர்ந்தால் அது வாலைத் தூக்கி மூக்கைப் பழைய நிலைக்குக் கொணரும்.

ஆனால் அந்தத் துடுப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். தலைச் சுழலி தள்ளும் காற்று அருவிபோல் கீழே விழுகிறது. மிதக்கும்போது அது உடலைச் சுற்றி நேரே இறங்கும். வேகம் எடுக்கத் தொடங்கியதும் அருவி பின்னோக்கிச் சாய்ந்து கிடைத்துடுப்பின் தலையில் கொட்டும். வால் அமுங்கி, மூக்கு நிமிரும். இன்னும் வேகம் கூடினால் அருவி துடுப்பைத் தாண்டிப் போய்விடும். எனவே விரைவில் துணையாக நிற்கும் உறுப்பே மெதுவில் பகையாகிறது. தரையிறங்க வரும் விமானிக்கு மூக்கு நிமிர்ந்தால் முன்னே உள்ள நிலம் மறையும் என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும்.

அமெரிக்காவின் பிளாக் ஹாக் 1974-இல் முதன்முதல் பறந்தது. அதன் சோதனைகளில் இத்தொல்லை தலைகாட்டவே, அசையாத கிடைத்துடுப்பை நீக்கிவிட்டு, தானே கோணம் மாறும் துடுப்பு வைத்தார்கள். மிதக்கையில் அதன் பின்விளிம்பு ஏறக்குறைய 40 பாகை கீழே தொங்கும்; அருவி அதன் அகலத்தில் அறையாமல் வழுக்கிப் போகும். வேகம் ஏற ஏறத் துடுப்பு நிமிர்ந்து படுக்கையாகும். 1975-இல் பறந்த அப்பாச்சியின் முன்மாதிரியில் கிடைத்துடுப்பை நிமிர்ந்த துடுப்பின் உச்சியில் ஏற்றிவைத்தார்கள். அந்த இடம் சரிப்படவில்லை. பின்னர் அதையும் தாழ இறக்கி, அசையும் துடுப்பாகவே மாற்றினார்கள்.

பிளாக் ஹாக்கில் மற்றொரு தந்திரமும் உண்டு. வால் சுழலியை நேராக நிறுத்தாமல் 20 பாகை சாய்த்துவிட்டார்கள். அதனால் பக்க விசையின் ஒரு கூறு மேல்நோக்கித் திரும்பி, மிதக்கும்போது மொத்தத் தூக்கு விசையில் நூற்றுக்கு 2.5 பங்கைக் கொடுக்கிறது. வீணாகப் போன பத்தில் சிறிது மீண்டது. ஆனால் விமானி திரும்புவதற்காக மிதியை அழுத்தினால் மூக்கும் ஏறி இறங்கும். அதை ஈடுசெய்யத் தனி இணைப்பு வேண்டியதாயிற்று.

நம் தலைக்கு மேல் அடிக்கடி போகும் துருவ், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் இதே நகரில் வடித்தது. 20 ஆகஸ்ட் 1992-இல் முதலில் பறந்தது. அதன் கிடைத்துடுப்பின் இரு முனைகளிலும் இரண்டு சிறு நிமிர் தகடுகள் நிற்பதைக் காணலாம். முன்னோக்கிய பறத்தலில் திசை காக்கும் வேலையில் அவை பங்கேற்கின்றன. வால் சுழலியின் காற்றுப்பாதையை விட்டு விலகியும் நிற்கின்றன.

வால் சுழலியைத் துடுப்புக்குள்ளேயே வளையமிட்டுப் புதைத்த பிரெஞ்சுக்காரர் முறைக்கு ஃபெனஸ்ட்ரான் என்று பெயர்; சிறு சன்னல் என்று பொருள். 1968-இல் கசெல் ஹெலிகாப்டரில் அது முதலில் பறந்தது. வால் சுழலியே இல்லாமல், வால் தண்டின் பிளவு வழியே காற்றைப் பீச்சி, மேலிருந்து விழும் அருவியைத் தண்டோடு ஒட்டி வளையச் செய்து பக்க விசை பெறும் முறையும் உண்டு. 1990-களில் விற்பனைக்கு வந்த எம்.டி. 520 என் அத்தகையது. இரண்டும் தரையில் நிற்பவர்களுக்குப் பாதுகாப்பானவை. ஆயினும் உலகில் மிகுதியாகப் பறப்பது பழைய திறந்த வால் சுழலிதான். மிதக்கும்போது குறைந்த செலவில் நிறைய விசை தருவது அதுவே.

இதெல்லாம் எங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது? இமயத்தில். உயரத்தில் காற்று மெலிகிறது. தலைச் சுழலி அதே எடையைத் தூக்கக் கூடுதலாகத் திருப்பவேண்டியிருக்கிறது. அதைத் தடுக்கவேண்டிய வால் சுழலிக்கோ பிடிக்கக் காற்றுப் போதவில்லை. பனிச்சரிவில் பக்கக் காற்று வீசும்போது விமானி மிதியை முழுதும் அழுத்திவிட்டார், அதற்குமேல் அழுத்த இடமில்லை, மூக்கோ இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற நிலை வரலாம். தூக்கும் வலிமை மிச்சமிருந்தும் நோயாளியை ஏற்றிக்கொள்ள முடியாது. மலைநாட்டுப் பணிக்காக நம் படையினர் கேட்டதன்பேரில் பிரான்சில் உருவான லாமாவே இங்குச் சீட்டா என்ற பெயரில் செய்யப்பட்டது. அதன் வாலைப் பார்த்தவர்கள் "தகடு போர்த்த மறந்துவிட்டார்களா?" என்பார்கள், வெறும் கம்பிச் சட்டம். எடையும் குறைவு, மேலிருந்து விழும் காற்றும் அதனூடே புகுந்து போய்விடும். லாமா 1972-இல் 12,442 மீட்டர் உயரம் எட்டியது.

போர்த்த வாலில் அந்தக் காற்று என்ன செய்கிறது என்பதே என் சிறு ஆராய்ச்சி. அருவி நேராக விழாமல் சற்றுச் சாய்வாக விழுந்தால், வால் தண்டே ஒரு மட்டமான இறக்கையாகிப் பக்க விசை உண்டாக்கும். அது பாதகமான திசையில் அமைந்தால் வால் சுழலிக்கு இரட்டைச் சுமை. தண்டின் நெடுகிலும் மெல்லிய பட்டையொன்றை ஒரு பக்கம் பொருத்தி, காற்று ஒட்டி ஓடுவதைக் கெடுத்து இந்த விசையைக் குறைக்கலாம் என்பதை அமெரிக்காவில் நாசா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நான் எங்கள் துறையின் காற்றுச் சுரங்கத்தில், முனை மழுக்கிய மரச்சட்டம் ஒன்றை வைத்து அதையே செய்து பார்த்தேன். பட்டை ஒட்டியபின் விசை குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. இரண்டு நாள் தராசைக் குற்றம் சொன்னேன். மூன்றாம் நாள் எங்கள் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, காற்று எந்தப் பக்கம் ஒட்டி ஓடுகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஒரு துண்டு நூலை ஒட்டிப் பார்த்தேன். பட்டை தவறான பக்கத்தில் இருந்தது.

மறுபக்கம் மாற்றி ஒட்டினேன், விசை தணிந்தது. ஆனால் சுரங்கத்துக் காற்று நேராக வருவது. சுழலியின் அருவி முறுக்கிக்கொண்டு வருவது. அந்த முறுக்கை உண்டாக்கச் சட்டத்தின் மேலே பொருத்துவதற்குச் சிறு சுழலியொன்றைக் கடைந்துகொண்டிருக்கிறேன். மதுரை நண்பர் இறக்கைகளைத் தேய்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.