கல்முனை மணலுக்கு எந்தச் சோதனை?

கல்முனையை அண்டி, மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கரையோர வளவுகளில் சிறிது தோண்டினாலே மணலும் தண்ணீரும்தான். நீரில் ஊறிய தளர்ந்த மணல் பூமியதிர்ச்சியில் குலுங்கும்போது துகள்களிடையே நீரழுத்தம் ஏறி, மண் குழம்பாகித் தாங்கும் பலத்தை இழக்கும். இதுவே திரவமாதல். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலே சாய்ந்து விழுந்தது இதனால்தான். 2004இல் இக்கரையை அழித்தது நிலக் குலுக்கமல்ல, தொலைவில் சுமாத்ராவருகே நேர்ந்த பூமியதிர்ச்சி எழுப்பிய கடலலை. இலங்கையில் பேரதிர்ச்சி அரிது, பிறகு ஏன் செலவு என்று கேட்பது நியாயமே. ஆனால் மாடிக் கட்டடத்தின் அத்திவாரத்துக்கு எப்படியும் மண் சோதனை வேண்டும். அதே தரவிலிருந்து திரவமாதலையும் கணக்கிடலாம்.

தெரிவு இரண்டு. நியமத் துளைப்புச் சோதனையில் 63.5 கிலோ சம்மட்டி 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, மண் மாதிரி எடுக்கும் குழாயை நிலத்துள் இறக்கும். முதல் 15 சென்ரிமீற்றரை விட்டு, அடுத்த 30 இறங்கத் தேவையான அடிகளை எண்ணுவார்கள். கூம்புச் சோதனையில் கூம்பை விநாடிக்கு 2 சென்ரிமீற்றர் வேகத்தில் அழுத்தி, எதிர்ப்பை இடைவிடாமல் பதிவு செய்வார்கள். சம்மட்டிச் சோதனை ஒன்று அல்லது ஒன்றரை மீற்றருக்கு ஒருமுறை நடப்பதால் தவறவிடும் மெல்லிய தளர்படையைக் கூம்பு காட்டிவிடும். செய்பவரின் கையில் தங்கியிருக்கும் பிழையும் அதில் குறைவு. இதனாலேயே பலர் கூம்பே போதும் என்கிறார்கள்.

கல்முனைக்கு அது பொருந்தாது என்பேன். கூம்பு மண்ணை மேலே கொண்டுவராது. ஒரே அடி எண்ணிக்கை காட்டினாலும் தூய மணலைவிட வண்டல் கலந்த மணல் திரவமாவதைக் கூடுதலாக எதிர்க்கும். அந்தக் கலப்பைச் சல்லடையில் அளக்க மாதிரி தேவை. பாரமான கூம்பு வாகனத்துக்கு நமது ஒடுங்கிய ஒழுங்கைகளில் இடமுமில்லை. சம்மட்டிச் சோதனையின் பிழைகளோ மேற்பார்வையால் திருத்தக்கூடியவை. துளைக்குள் நீர்மட்டம் நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்தால் அடியில் மணல் பொங்கி, எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வீண் செலவில் அத்திவாரம் ஆழமாகும். கயிற்றிலும் கப்பியிலும் சம்மட்டியின் சக்தி வீணானால் எண்ணிக்கை கூடி, தளர்ந்த மண் உறுதியாகத் தோன்றும். இதுவே ஆபத்தான பிழை. எண்ணிக்கையை, சம்மட்டி விழும் முழுச் சக்தியின் 60 வீதத்துக்குத் திருத்தாமல் முடிவெடுக்கக் கூடாது.

ஆகவே மூன்று, நான்கு மாடிக் கட்டடத்துக்குச் சம்மட்டிச் சோதனையே போதும். வைத்தியசாலை, பாலம் போன்றவற்றுக்கு அதனுடன் கூம்பையும் சேருங்கள். எதுவாயினும் நீர்மட்டம், சம்மட்டி வகை, சக்தித் திருத்தம், சல்லடை முடிவு ஆகிய நான்கும் இல்லாத அறிக்கையை ஏற்று அத்திவாரம் போடாதீர்கள்.